கியர் ஆயிலில் பித்தளைத் தூள்

ஞானபாக்கியத்துக்குக் காலை நீட்டிப் படுக்க ஒரு தரை வேண்டும். பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை பாவம். பல வருஷமாக ஒரு பழைய வேனுக்குள்தான் குடித்தனம். புருஷன் பெத்துராஜ் ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களுக்குக் கம்பளியும் ஸ்வெட்டரும் விற்பவர். போடியில் சரக்கு ஏற்றி மலைக்குப் போனால், விற்றுத் தீர்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். படுக்கை, ஸ்டவ், தண்ணீர்க் குடம் எல்லாம் வேனுக்குள்ளேயே. மழை பெய்தால் கம்பளி நனையுமே என்று தவிக்கிற மனுஷனுக்கு, பெண்டாட்டி முட்டுவலியில் சுருண்டு கிடப்பது மட்டும் கண்ணில் படாது.

போடிப் பக்கம் சிலமலையில் அவள் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். கேட்டால், இந்த சீசன் போகட்டும் என்பார். சீசனுக்கா பஞ்சம்?

எண்பத்திரண்டாம் வருஷம் வேனின் கியர் பெட்டி ஊளையிட ஆரம்பித்தது. போடிமெட்டு இறக்கத்தில் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவது அந்த ரோட்டு டிரைவர்களின் புத்தி. பெட்ரோல் மிச்சமாம். இன்ஜின் ஓடாவிட்டால் பெட்டிக்குள் ஆயில் ஏறாது, எல்லாம் வறட்டுத் தேய்ச்சலாகத் தேயும் என்று மெக்கானிக் மொக்கச்சாமி தலைதலையாக அடித்துக்கொண்டார். பெத்துராஜ் கேட்டால்தானே? கடைசியில் பெத்துராஜே வாய்விட்டார். ஆயில் மாற்றும்போது பித்தளைத் தூள் வந்தால் பெட்டி உள்ளே தேய்ந்துபோச்சு என்று அர்த்தம், வண்டியை விற்றுவிடலாம். வராவிட்டால் வீட்டுப் பேச்சையே எடுக்கக் கூடாது.

மலையடிவாரத்து முந்தலில் புளியமரத்தடியில் வேனை நிறுத்தினார். இன்ஜினுக்குப் புது ஃபில்டரை மாட்டிவிட்டு, கியர் பெட்டிக்கு அடியில் ஊர்ந்து போனார். பேசினில் பழைய ஆயில் கறுப்பாக இறங்கியது. அதை அவர் விரலில் தொட்டு உள்ளங்கையில் தேய்ப்பதைக் குனிந்து பார்த்தபடி நின்றாள் ஞானபாக்கியம்.

"சுத்தமாத்தான் இருக்கு" என்றார்.

அவர் வெளியே வந்து, சக்கரத்தைப் பிடித்து, இரண்டு தரம் முயன்று எழுந்தார். வெயிலில் அவர் உள்ளங்கை முழுக்கப் பொன்னாக மினுமினுத்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது அவளுக்கு. ஆனால் அந்த மனுஷன் எழுந்த லட்சணத்தைப் பார்த்தபின் கத்த மனசு வரவில்லை.

"கைய நல்லாத் தேச்சுக் கழுவுங்க" என்றாள். "சோத்துல மின்னப் போகுது."

பெத்துராஜ் கையைப் பார்த்தார். அப்படியே சக்கரத்தோரம் உட்கார்ந்துவிட்டார்.

"வண்டி போச்சுன்னா நான் யாரு ஞானம்? ஒரு வேலைக்கும் ஆகாத கிழவன்."

அவருக்கும் அலுத்துத்தான் போயிருக்கிறது என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தச் சிலமலை வீடு இன்னும் காலியாகத்தான் கிடக்கிறதா என்று தரையைப் பார்த்துக் கேட்டார். கிடக்கிறது என்றாள்.

அவர் புது ஆயில் டின்னைக் காலால் ஓரமாகத் தள்ளினார். இனி இது எதற்கு என்றார்.

ஞானபாக்கியம் எழுந்து போய் அதை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள்.

"ஊத்துங்க. சிலமலை வரைக்கும் ஓடணும்ல."