ஷாஃப்டில் சுற்றிய பட்டு

அப்பாவின் பழைய பிக்கப் வண்டியை வாசலில் நிறுத்தி நானே புதுசாக்கிக்கொண்டிருக்கிறேன். அகல டயர் போட்டாயிற்று. இன்று அடியில் படுத்து, சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்டில் இறுகிக் கிடந்த கிரீசைச் சுரண்டினேன். உள்ளேயிருந்து அரக்குச் சிவப்பில் பட்டு இழைகள் வந்தன. மண்ணெண்ணெயில் அலசியதும் பளபளத்தன.

போளூரில் வாங்கிய இந்த வண்டியை அப்பா முதன்முதலாகத் தெருவுக்குள் ஓட்டிவந்த காலையில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு மாமா முகூர்த்தப் புடவை நெய்வதற்கான பட்டு இழைகளைப் பாவாகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார். பாவு இருந்தால் எந்த வண்டியும் தெருமுனையிலேயே நின்றுவிட வேண்டும். அப்பா பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். இழைகள் அத்தனையும் வண்டிக்கடியில் போய்ச் சுற்றிக்கொண்டன.

மாமா கத்தரியோடு அடியில் புகுந்து, தன் பாவைத் தானே அறுத்து வண்டியை விடுவித்தார். எழுந்து வந்து, "புள்ளைக்கு அடி கிடி படலியே?" என்று மட்டும் கேட்டார்.

"நாலு வார்த்த திட்டியிருக்கலாம்," என்று அப்பா வெகுநாள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பின் தெருமுனையில் இன்ஜினை அணைத்துவிட்டு, வீடுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வருவார். என்னோடு படித்தவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் தலையைக் குனிந்தபடி தள்ளுவேன்.

அந்த இழைகளோடு வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்தால், கைத்தடியை ஊன்றிக்கொண்டு அதே மாமா நிற்கிறார்.

"இன்னாபா கையில?"

"கிரீசுதான் மாமா," என்றேன். கை தானாக மூடிக்கொண்டது.

அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீயாவது தள்ளாம ஓட்டிகினு வாப்பா."