சீட்டுக் குலுக்கும் ரத்ரி டீச்சர்

பிஸ்கட் டின்னை ஏழு முறை குலுக்கி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் ரத்ரி டீச்சர் சீட்டு எடுப்பார். சாலத்திகா நகரில் இருபத்திரண்டு வருடமாக ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறார். கரும்பலகைக்கு யார் வருவது, கேக்கில் முதல் துண்டு யாருக்கு, எல்லாம் சீட்டுதான். "கண்ணு பார்த்தா கை அந்தப் பக்கம்தான் போகும்" என்பார். சந்தையிலும் மேலே கிடக்கும் மீனை வாங்கமாட்டார். அடியிலிருந்து ஒன்றை உருவச் சொல்வார்.

அப்படிப்பட்டவருக்கு வெனிங்கைப் பார்த்தாலே வயிறு எரிந்தது. அதே பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாத பெண். பிள்ளைகள் சராசரியாக ஐந்து மணி நேரம் பத்து நிமிடம்தான் தூங்குகிறார்கள், பள்ளியை ஏழு மணிக்குப் பதில் எட்டுக்குத் தொடங்குங்கள் என்றாள். உள்ளூர்ப் பத்திரிகையில் அவள் படம் வந்தது. ரத்ரியின் படம் ஒரு நாளும் வந்ததில்லை.

"பிள்ளைங்ககிட்ட எப்படிடி கேட்டே?" என்றார் ரத்ரி.

"வாட்ஸ்அப்புலக்கா. ராத்திரி பதினோரு மணிக்குப் போட்டேன், நாப்பது பேர் உடனே பதில்!"

ரத்ரிக்குத் தேன் குடித்தாற்போல் இருந்தது. "அந்நேரம் முழிச்சிருக்கிறவன்தானே பதில் போடுவான்? தூங்கிப்போனவன் கணக்கு எங்கே?"

வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் அதைப் போட்டு உடைத்துவிடத் தீர்மானித்தார். அறுநூற்று நாற்பது மாணவர்களின் எண்களையும் டின்னில் போட்டு, நாற்பதை எடுத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்.

"அஞ்சு மணி நேரம் இருக்கும் டீச்சர். பஸ்ஸு அஞ்சே காலுக்கே வந்துரும்ல" என்றாள் ஒருத்தி, கொட்டாவியோடு.

நான்கு முதல் ஐந்து, ஐந்து முதல் ஆறு என்று கட்டம் பிரித்துக் கோடு போட்டார். ஏழு முதல் எட்டில் மூன்றே கோடுகள். ஐந்து முதல் ஆறில் பத்தொன்பது. கூட்டி வகுத்தால் ஐந்து மணி நேரம் முப்பத்தொன்பது நிமிடம். நம்பாமல் மறுபடி வகுத்தார். அதேதான்.

"தப்பான வழியில போயி சரியான ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்காளே, பாவி!"

அறையில் யாருமில்லை. இன்னொரு தடவை குலுக்கினால் யாருக்குத் தெரியும்? மூடி வரை போன கையை இழுத்துக்கொண்டார்.

கூட்டத்தில் எழுந்தார். "வெனிங் கேட்ட முறை தப்பு. ஆனா பிள்ளைங்க தூங்கலை, அது நிஜம். மணியைத் தள்ளி வைங்க."

எட்டு மணி என்று முடிவாயிற்று. வெனிங் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அறிக்கையில நம்ம ரெண்டு பேரையும் போடலாம்க்கா!"

"எனக்கெதுக்குடி அதெல்லாம்" என்ற ரத்ரி டீச்சர், தாளை வாங்கி, வெனிங்கின் பெயருக்கு மேலே கிடந்த துளி இடத்தில் தன் பெயரை நுணுக்கி எழுதினார்.