முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர்கள்

எங்கள் திமோர் மலைப் பள்ளிக்கு மேலிடத்து ஆள் யார் வந்தாலும் முருங்கைக் கன்றுகளுக்குத்தான் யோகம். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளின் கையில் வாளியைக் கொடுத்துத் தோட்டத்துக்கு விரட்டிவிடுவோம். மிச்சம் இருப்பவர்கள் கணீரென்று வாசிப்பார்கள். வந்தவர் கைகுலுக்கிவிட்டுப் போவார்.

இணையத்திலும் இதே கூத்துதான். தீவு தீவாகச் சிதறிக் கிடக்கும் இருநூறு ஆசிரியர்கள் எங்கள் குழுவில் இருக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஒருவர் தன் வகுப்பை நேரலையில் காட்ட வேண்டும், மற்றவர்கள் கண்ட குறையைச் சொல்ல வேண்டும். யார் சொன்னார்கள்? பெண் ஆசிரியர் என்றால் ‘அருமை இபு’, ஆண் என்றால் ‘பிரமாதம் பாக்’ என்று எழுதி ஒரு பூப் படத்தைப் போட்டுவிட்டுப் போவோம். போன மாதம் என் முறை. ஏழு பேரைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு நான்காம் வகுப்பை நடத்தினேன். நூற்றுப்பத்து பூ வந்தது. ஒரு வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இந்த மாதம் மூன்றாம் வகுப்பு இபு ஓர்ப்பாவின் முறை. ஒன்பது வருடமாக ஒப்பந்த ஆசிரியை. கணவர் மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இருக்கிறார். இபு மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரம் மலையேறி வருவார், ஒருநாள்கூடத் தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை. அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கும் தாளில் தலைமையாசிரியர் மெல்கியானுஸ் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அன்று காலை மெல்கியானுஸ் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“இபு, இன்னைக்கு மாவட்டப் பள்ளிக் கண்காணிப்பாளரும் பாக்கறாரு. வாளி எல்லாம் எடுத்து வெச்சாச்சு.”

“முருங்கைக்குத் தண்ணி வேணாம் பாக். நேத்துதான் மழை பேஞ்சுது.”

“வெளையாடாதீங்க. உங்க தாள் என் மேஜைலதான் கெடக்கு. ஒன்பது வருஷத்தை ஒரு மணி நேரத்துல தொலைச்சிடாதீங்க.”

போனைப் பிடிக்க வந்த நானும் சும்மா இருக்காமல், “எல்லாரும் செய்யறதுதானே இபு?” என்றேன்.

ஓர்ப்பாவின் கையில் இருந்த சாக்பீஸ் ஒடிந்தது. “ரெண்டு வருஷமா குழுவுல கேக்கறேன் பாக் யோக்சான், வாசிப்பு வராத பிள்ளைக்கு என்ன செய்யறதுன்னு. ஒருத்தர் வாய் தொறக்கல. யார் வகுப்புலயும் அப்படி ஒரு பிள்ளையே கெடையாதாம்! காட்டினாத்தானே கேக்க முடியும்?”

சிக்னல் ஜன்னலோரம்தான் கிடைக்கும். பெஞ்சின் மேல் ஏறிப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாடம் தொடங்கியது. முதலில் இரண்டு பேர் நன்றாகவே வாசித்தார்கள், பூக்கள் வந்தன. மெல்கியானுஸ் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“அடோல்ஃபினா, இப்ப நீ.”

அந்தப் பெண் எழுந்தாள். போனைப் பார்த்தாள். பிறகு நேரே கதவு மூலைக்குப் போய் வாளியைத் தூக்கினாள்.

“எத்தனை வாளி இபு?”

இருநூறு பேருக்கும் அது கேட்டது. “போனை அணைங்கய்யா!” என்று தலைமையாசிரியர் பல்லைக் கடித்தார். என் கட்டைவிரல் பொத்தான் வரைக்கும் போனது, பொய் சொல்ல மாட்டேன்.

“வாளி வேணாம். வா, என் பக்கத்துல உக்காரு,” என்றார் ஓர்ப்பா.

ஒரு வரி. அடோல்ஃபினாவின் விரல் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. ஒரு நிமிடம் ஆனது, இரண்டு நிமிடம் ஆனது. திரையில் ஒரு பூ இல்லை. ஓர்ப்பா போனை நிமிர்ந்து பார்த்தார். “இவளோட சேத்து என் வகுப்புல ஒன்பது பேர். என்ன செய்யறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.”

போச்சு, இவர் வேலை போச்சு என்றே நினைத்தேன்.

அப்போது சும்பா தீவிலிருந்து ஓர் ஆசிரியை எழுதினார்: ‘என் வகுப்பில் பதினொன்று.’ அடுத்து அலோரிலிருந்து: ‘ஆறு.’ ரோத்தேயிலிருந்து: ‘பதினான்கு. யாரிடமும் சொன்னதில்லை.’ பிறகு திரை நிற்காமல் ஓடியது. கடைசியில் கண்காணிப்பாளர் எழுதினார்: ‘எண் மட்டும் போதாது, பெயரும் போடுங்கள். அடுத்த மாதமும் இபு ஓர்ப்பாவே வகுப்பைக் காட்டட்டும். அடோல்ஃபினாவை நான் பார்க்க வேண்டும்.’

மெல்கியானுஸ் அதை இரண்டு முறை படித்தார். அறைக்குப் போய், கையெழுத்திட்ட தாளைக் கொண்டுவந்து ஓர்ப்பாவின் மேஜையில் வைத்தார். ஓர்ப்பா அதைத் தொடக்கூட இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க வகுப்புல எத்தனை பாக்?”

வெட்கம் பிடுங்கித் தின்றது. ‘ஏழு’ என்று அடித்தேன். பெயர்களையும் அடிக்கத் தொடங்கினேன். ஆறு பெயர் வந்தது. ஏழாவது வரவில்லை. எட்டு மாதமாக என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை! கடைசி பெஞ்சு, பச்சை ரிப்பன், அவ்வளவுதான் நினைவில் இருந்தது.

“பச்சை ரிப்பன் கட்டுமே, அந்தப் பொண்ணு பேரு என்ன?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

புத்தகத்திலிருந்து விரலை எடுக்காமல் அடோல்ஃபினா சொன்னாள்: “யுலியானா, பாக். எங்க அக்கா. கெணத்தோர முருங்கைக்கு எப்பவும் அவதான் ஊத்துவா.”