முகத்துக்கு மட்டும் வந்த அம்மை

ஜோதிகாவை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் அதற்கப்புறம். பூந்தமல்லி பெரிய ரோட்டில் நாங்கள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் அவள் மூன்றாவது மாடியில் பெட்ஷீட் விற்கிறவள். நான் சபீனா, கீழ்த்தளத்தில் பில் போடுகிறவள். இரண்டு பேருக்கும் நூம்பல்தான், இரண்டு தெரு தள்ளி. ஒரே ஷேர் ஆட்டோவில் போய் ஒரே ஷேர் ஆட்டோவில் திரும்புவோம். வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசுவாள். ஆனால் பேசி முடிக்கிறவரை துப்பட்டா முனை கன்னத்தை விட்டு இறங்காது.

அவளுக்கு வாய்த்த தோல் அப்படி. வறண்ட தோல், அதிலேயே பருவும் வரும். ஈரப்பசைக்கு என்று ஒரு க்ரீம் தடவினால் மறுநாள் கன்னம் முழுக்கப் பரு. பருவுக்கு என்று ஒரு ஜெல் போட்டால் மூக்கோரம் செதில் செதிலாக உரிந்து, சிரித்தால்கூட எரியும். எதைத்தான் போடுவாள், பாவம். கடலை மாவு, கற்றாழை, மெடிக்கல் ஷாப்காரர் எடுத்துக் கொடுத்த ட்யூப், போனில் யாரோ ஒருத்தி புகழ்ந்த அரிசித் தண்ணீர் க்ரீம், எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பலாப்பழம் என்று பெயர். வைத்தவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையே இருக்கிறது, அவனுக்கு அது ஞாபகம்கூட இருக்காது. இவளுக்கு இருபத்தைந்து வயதிலும் தெருவில் பலாப்பழ வண்டி வந்தால் முகம் சுண்டிவிடும்.

போன ஆடித் தள்ளுபடிக்கு எங்கள் கடையில் கீழ்த்தளத்தில் புதிதாக அழகுசாதனக் கவுண்டர் ஒன்றைத் திறப்பதாக இருந்தார்கள். மேனேஜர் செல்வகுமார் மூன்றாவது மாடி ஏறிப்போய் ஜோதிகாவிடம் சொன்னார்.

"உனக்குப் பேச்சு நல்லா வருதும்மா. வெள்ளிக்கிழமையிலேர்ந்து உன்னைக் கீழ போடறேன். அதுக்குள்ள மூஞ்சிய மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக்க. விக்கிறவளே இப்படி இருந்தா எவ வாங்குவா?"

இதை அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னாராம். அவருடைய மூஞ்சி என்னவோ சாமுத்திரிகா லட்சணம் என்கிற மாதிரி. நான் கேட்டிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஜோதிகாவுக்கோ கோபமே வரவில்லை. கீழ்த்தளம், கண்ணாடிக் கவுண்டர், கடைக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் முதலில் பார்க்கிற இடம். அங்கே தன்னை நிற்கச் சொன்னதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

கவுண்டருக்கு வந்த சாம்பிள் பெட்டியில் சிவப்பாக ஒரு சீரம் இருந்தது. செத்த தோலை எடுத்துப் புதுத் தோலைக் கொண்டுவரும் என்று பெட்டியைக் கொண்டுவந்தவன் சொல்லிவிட்டுப் போனான். ஜோதிகா அதில் ஒரு பாட்டிலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"உன் தோலு ஈ உக்காந்தாலே செவக்கும். மொதல்ல காதுக்குப் பின்னால தடவி ரெண்டு நாள் பாருடி" என்று ஆட்டோவில் சொன்னேன்.

"பாத்துட்டேன்க்கா, ஒண்ணும் ஆவல" என்றாள். பாட்டிலின் மூடியையே அவள் அதுவரை திறக்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

தடவிக் கொஞ்ச நேரத்தில் கழுவிவிட வேண்டும் என்று பாட்டிலில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதை அவள் படித்தும் இருக்கிறாள். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு கணக்கு உண்டு. மருதாணியாகட்டும், மஞ்சளாகட்டும், தலைக்கு வைக்கிற வெந்தயமாகட்டும், ஊறினால்தான் பிடிக்கும். கொஞ்ச நேரம் ஊறினால் கொஞ்சம் பிடிக்கும், ராத்திரி முழுக்க ஊறினால் நன்றாகப் பிடிக்கும். வெள்ளிக்கிழமைக்கு நாள் குறைவாக இருந்தது. அவள் கழுவாமல் படுத்துவிட்டாள். எரியும்போதெல்லாம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம்.

விடிந்தபோது முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. கன்னம் இரண்டும் ரத்தச் சிவப்பு, அதன்மேல் நீர் கோத்த கொப்புளங்கள், ஒரு கண் பாதி மூடியிருந்தது. அவள் அம்மா எல்லம்மா அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவள் நாற்று நட்ட நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அதில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கிறாள். மகளைப் பார்த்தவள் கூச்சல் போடவில்லை. செருப்பைக் கழற்றி வெளியே வைத்தாள். கையைக் கழுவினாள். மகளின் முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

"வந்துட்டியா தாயே" என்றாளாம்.

ஆடி மாதம், முகத்தில் முத்து முத்தாகப் போட்டிருக்கிறது, வேறு என்ன நினைப்பாள். வாசலில் வேப்பிலை ஏறியது. வீட்டில் தாளிப்பு நின்றது. அப்பா துலுக்கானம் செக்யூரிட்டி வேலை முடிந்து வந்து, முகத்தைக்கூடக் கழுவாமல் இளநீர் வாங்க ஓடினார். எனக்குப் போன் வந்தபோது நான் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

"சபீனாக்கா, நான் வேலைக்கு வர்ல. எனுக்கு அம்மா வந்துக்கீதுன்னு சொல்றாங்க."

"எங்கடி வந்துக்கீது?"

"மூஞ்சில."

"ஜுரம்?"

"இல்ல."

"கையி, காலு, முதுகு?"

குரலை இறக்கிக்கொண்டாள். "அந்த செவப்புத் தண்ணிக்கா. ஊறட்டும்னு வுட்டுட்டேன்" என்றாள்.

வாய்க்கு வந்ததை எல்லாம் கொட்டினேன். ஆட்டோவுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உடனே டாக்டரிடம் போ என்றேன். அம்மா வந்திருக்கிற வீட்டில் ஊசி மருந்து எடுக்க மாட்டார்கள் என்றாள். உண்மையைச் சொல்லடி என்றேன்.

"எப்டிக்கா சொல்றது? எங்கம்மா வேலைக்குப் போவாம என் காலாண்டயே உக்காந்துகினு கீது. அதுவா அடங்கிடும்க்கா. நீ யாராண்டயும் சொல்லாத. நானே சொல்லிக்கிறேன்."

எனக்கும் வேறு வழியில்லை. வேறு வீட்டுப் பிரச்சினை என்றால் நேராகப் போய் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருகிறவள் நான். ஆனால் நான் சபீனா. அந்த வீட்டு வாசலில் நின்று, வந்திருப்பது உங்கள் அம்மன் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? கடையில் கேட்டவர்களிடம் அம்மை என்றேன். செல்வகுமார் அப்படியா என்று இரண்டடி பின்னால் போனார். எத்தனை நாள் லீவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அடங்கவில்லை. எப்படி அடங்கும்? வேப்பிலையையும் மஞ்சளையும் அம்மியில் வைத்து அரைத்து, காலையும் மாலையும் எல்லம்மா அந்த வெந்துபோன தோலில் கனமாக அப்பினாள். காய்ந்து இறுகி வெடித்தது. வெடித்த இடத்தில் தண்ணீர் கசிந்தது. அம்மா இன்னும் இறங்கவில்லை என்று மறுபடியும் அப்பினாள். ஜோதிகா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். எனக்குப் போன் செய்வதுகூட எல்லம்மா கொல்லைப் பக்கம் போகிற நேரத்தில்தான், அதுவும் கிசுகிசுப்பாக.

இதில் தெரு வேறு சேர்ந்துகொண்டது. எதிர் வீட்டு நாகவல்லி என்று ஒருத்தி, இந்த மூஞ்சியை எவன் கட்டுவான் என்று ஜோதிகா காதுபடவே கேட்டவள், வாசலில் வந்து ஈரப்புடவையோடு நின்றாளாம். தாயே, என் பையனுக்கு ஒரு வழி காட்டு என்று கேட்டாளாம். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

"சிரிப்பு வருதுக்கா, சிரிக்கத்தான் முடியல" என்றாள் ஜோதிகா. "என் மூஞ்சியப் பாத்து ஜனங்க கையெடுத்துக் கும்புடுது. இத்தினி வருசத்துல இப்பத்தான்." அதற்கப்புறம் அழுதாள். கண்ணீர் பட்டாலும் எரிகிறது என்று அழுகையை நிறுத்தினாள். அவள்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கீழ்த்தளக் கவுண்டரில் வேறொரு பெண்ணை நிறுத்திவிட்டார்கள். வேலை முடிந்ததும் நேராக ஜோதிகா வீட்டுக்குப் போனேன். இன்றைக்கு அவள் சொல்லாவிட்டால் நான் சொல்வது, யார் என்ன நினைத்தாலும் சரி என்றுதான் போனேன்.

எல்லம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "அங்கியே நில்லும்மா சபீனா. தப்பா எடுத்துக்காத. உள்ள ஆத்தா கீறா."

நின்றேன். ஒற்றை அறைதான், வாசலில் இருந்தே எல்லாம் தெரிந்தது. தரையில் வேப்பிலை பரப்பி, அதன்மேல் வெள்ளை வேட்டி விரித்து ஜோதிகாவைப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை, மஞ்சளும் வெடிப்பும்தான். எல்லம்மா விளக்கை ஏற்றி மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நான் நிற்பதை மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"போன வருசம் கூழு ஊத்தறேன்னு சொல்லிட்டு ஊத்தாத வுட்டுட்டேன். அது என் தப்பு, எம் பொண்ணு இன்னா பண்ணா? அவ மூஞ்சிய வுட்டுட்டு என் மூஞ்சிக்கு வந்துடு தாயே. நான் பாத்தரம் கழுவறவ, என்னிய யாரு பாக்கப் போறா. அவ கடையில கீய கண்ணாடியாண்ட நிக்கப் போற பொண்ணு."

ஜோதிகா எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆத்தா வர்லம்மா" என்றாள். "நான்தான். கடையிலேர்ந்து ஒரு மருந்து எடுத்தாந்து நானே பூசிகினேன். வெள்ளிக்கியமைக்குள்ள நல்லா ஆவணும்னு."

தலையணை உறைக்குள் இருந்து பாட்டிலை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். எல்லம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். குலசாமி பெயரை வைத்து இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறாள், அடித்தால் நான் குறுக்கே போயிருக்க மாட்டேன்.

அவள் அடிக்கவில்லை. "இது என் தோலுடி" என்றாள். "நான் சின்னதுல இப்டித்தான் இருந்தேன். நான் குடுத்ததுதான் உனுக்கு வந்துக்கீது. அத்தக் கொளுத்திப் போடற அளவுக்கா அது மேல உனுக்குக் கோவம்?"

எல்லம்மா வாசலைப் பார்த்து, "உள்ள வாம்மா சபீனா, இவளப் புடி, ஆட்டோ இட்டாறேன்" என்று எழுந்து போனாள்.

ஆவடிப் பக்கம் ஒரு தோல் டாக்டரம்மா. பொறுமையாகத்தான் பார்த்தார். பஞ்சால் துடைக்கத் துடைக்க மஞ்சள் வந்துகொண்டே இருந்தது.

"அந்த சீரம் மட்டும்னா ஆறி சுவடு தெரியாமப் போயிருக்கும். புண்ணு மேல இதைப் போட்டு அப்பினதுதான் இவ்வளவு ஆழமா இறங்கிருக்கு. தழும்பு நிக்கும்மா, முழுசா போகாது. இந்த மஞ்சளை யாரு பூசினது?"

எல்லம்மா நிமிர்ந்தாள். அவள் வாயெடுப்பதற்குள் ஜோதிகா முந்திக்கொண்டாள்.

"அதுவும் நான்தான் டாக்டர், நானே பூசிகினேன்."

எல்லம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஏதோ திட்டிக்கொண்டே மருந்து எழுதினார்.

ஜோதிகா இப்போதும் மூன்றாவது மாடியில்தான் பெட்ஷீட் விற்கிறாள். கன்னத்தில் தழும்பு இருக்கிறது. டாக்டர் சொன்ன ஒரு சோப்பு, ஒரு களிம்பு, அதற்கு மேல் எதையும் தொடுவதில்லை. எல்லம்மாதான் மாறிவிட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக் குளிக்கிறவள், அன்றிலிருந்து முகத்தில் மஞ்சள் வைப்பதில்லை. புருஷன் துலுக்கானம் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இதென்ன கோலம் என்று நாகவல்லி தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள். என் தோலுக்கு ஒத்துக்கல என்று சொல்லிவிட்டு எல்லம்மா வேலைக்குப் போய்விட்டாள்.