மொன்றியலில் ஒரு ‘இவென்ச்சுவலி’

வெள்ளி, காலை 9.30. டொரோண்டோவிலிருந்து மொன்றியலுக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். பஸ் கட்டணம் அறுபத்தெட்டு டொலர். மார்ச் மாதம், வீதியோரப் பனி கரியும் உப்பும் கலந்து அழுக்குச் சீலைபோலக் கிடந்தது. என் மடியில் நான்கு கொப்பிகள். முப்பது வருடங்களாக ஸ்காபரோவில் காதில் விழுந்த ஆங்கிலச் சொலவடைகள் அவற்றில் இருக்கின்றன. நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஆங்கிலத்தை பேக்கரித் தொழிற்சாலையிலும் பஸ் தரிப்பிடங்களிலும் பொறுக்கினேன். ஒரு மனிதரின் வாயிலிருந்து நல்ல சொலவடை ஒன்று விழுந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம்.

மலரும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒரே வருடத்தில் கனடா வந்தோம். அவள் மொன்றியலுக்கு, நான் டொரோண்டோவுக்கு. ஞாயிறுதோறும் தொலைபேசி. “இங்க ஒருத்தன் இப்பிடிச் சொல்லுறான், என்னடி அர்த்தம்?” என்று கேட்பாள். நான் கொப்பியைப் பார்த்துச் சொல்வேன். இரண்டு வருடங்களாக அந்தக் கேள்விகள் குறைந்துவிட்டன. போன கிழமை திடீரென்று, “கொப்பியளையும் தூக்கிக்கொண்டு வா. பியாட்டாவுக்கு உன்ர உதவி வேணும்” என்றாள். பாதி அன்பில் டிக்கெட் எடுத்தேன். மீதிப் பாதி, அந்தப் பியாட்டா யாரென்று பார்க்க.

கிங்ஸ்ரனில் இருபது நிமிட ஓய்வு. “இருபதுக்கு மேலே போனால் நீங்கள் இந்த ஊர்க்காரர்” என்றார் ஓட்டுநர். குபெக் எல்லையைத் தாண்டியதும் அவருடைய நாக்கு தானாகப் பிரெஞ்சுக்குத் திரும்பியது. ஆங்கிலம் இரண்டாவதாக, கொஞ்சம் களைத்துப்போய் வந்தது.

மாலை 4.10. இறங்கினேன். மெட்ரோவுக்கு மூன்று டொலர் எழுபத்தைந்து சதம். ஓரஞ்சுப் பாதையின் கடைசி நிலையமான கோட் வெர்த்தூவில் மலர் காருடன் நின்றாள்.

“என்னடி ராணி, மெலிஞ்சு போனாய்?”

“மெலியேல்லை. கோட்டைக் கழட்டிப்போட்டு நிக்கிறன்.”

அங்கிருந்து சென்ட் லோரன்டில் அவள் வாடகைக்கு இருக்கும் வீடு எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தில் பியாட்டாவின் பெயர் பதினொரு தரம் வந்தது. போலந்துக்காரி. வந்து ஏழு வருடம். மலர் வேலை செய்யும் மருந்து பொதி செய்கிற தொழிற்சாலையில்தான் அவளுக்கும் வேலை. மலரின் வீட்டுக்கு மேல்மாடியில்தான் குடியிருப்பு. கணவன் அமெரிக்காவுக்கு லொறி ஓட்டுகிறவன், மாதத்தில் முக்கால்வாசி வீட்டில் இல்லை. ஏழு வயதில் சோசியா என்றொரு மகள்.

“புதுசா வாற ஆக்களுக்கு வேலை பழக்கிற இடம் ஒண்டு வந்திருக்கு. மனேஜர் மூண்டு கேள்வி குடுத்திருக்கிறார். ஞாயிறு பின்னேரத்துக்குள்ள ஆங்கிலத்தில பதில் எழுத வேணும், மருந்து வாங்கிற கொம்பனி அமெரிக்காவில எண்டபடியா. கிடைச்சால் லைனில நிண்டு தோள் நோகிறது போயிரும். ஆனா இரவு ஷிப்டில போட்டால் அந்தப் பிள்ளையோட ஆர் படுக்கிறது?”

“நீ இருக்கிறாய்தானே” என்றேன். நல்ல குரலில்தான் சொன்னேன்.

மாலை 6.30. பியாட்டா ஒரு தட்டில் பியெரோகி கொண்டு இறங்கி வந்தாள். உருளைக்கிழங்கை உள்ளே வைத்துப் பிடித்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் சொல்லாமலே ஜன்னலோரக் கதிரையில் இருந்தாள். மலர் வீட்டுக்கு நான் வரும்போதெல்லாம் இருக்கிற கதிரை அது.

அவள் ஆங்கிலம் கற்கிற முறையை ஆங்கிலத்திலேயே கேட்டேன். மருந்துப் பெட்டி மட்டையைக் கீற்றாக வெட்டி, ஒரு கீற்றில் ஒரு ஆங்கிலச் சொலவடை. கிழமைக்குப் பத்து. ஒவ்வொன்றையும் மூன்று மனிதர்களிடம் பேச்சுக்குள் வைத்துச் சொல்லிவிட வேண்டும். சொன்னால்தான் அது அவளுடையது. இல்லாவிட்டால் கீற்று மறுபடி குளிர்சாதனப் பெட்டிக் கதவுக்குப் போகும்.

“அந்த மூண்டு ஆளில முதலாம் ஆள் நான்” என்றாள் மலர், பெருமையாக.

என் கொப்பிகளில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அவற்றில் எத்தனையை நான் ஒரு மனிதரிடம் சொல்லியிருப்பேன்?

“ஊசியை வைக்கோல் அள்ளும் பெரிய முள்ளுக் கரண்டியாக்குவது என்போம், எங்கள் மொழியில்” என்றாள் பியாட்டா. “சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறவர்களை. ஆங்கிலத்தில் அகழெலி கிளப்பிய மண்ணை மலையாக்குவது. உங்களிடம்தான் மிக நல்லது இருக்கிறது.” பிறகு கண்ணை மூடி, நாக்கைச் சுழற்றி, தமிழில் சொன்னாள்: “ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கி.”

மலர் கைதட்டினாள். அது நான் மலருக்குச் சொல்லிக் கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய மாமியாரைப் பற்றிக் கதைக்கும்போது. என் சேலையை வேறொருத்தி உடுத்துக்கொண்டு வந்து, எப்படி இருக்கிறது என்று என்னிடமே கேட்டது போலிருந்தது.

சனி, காலை 10. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள புரோசார்டுக்குச் சாமான் வாங்கப் போனோம். இருபத்தைந்து கிலோமீற்றர் இருக்கும். சம்ப்ளேன் பாலத்தின் வெள்ளைக் கம்பிகள் வீணைத் தந்திகளைப் போலக் கடந்தன; கீழே ஆற்றில் பனிக்கட்டிகள் மெல்ல நகர்ந்தன. முன் ஆசனத்தில் பியாட்டா. பின்னால் நானும் சோசியாவும். பிள்ளை என்னோடு ஆங்கிலத்தில் ஒரு சொல், ஜன்னலோடு பிரெஞ்சில் பத்துச் சொல் பேசினாள்.

ஆசியக் கடையில் பலாப்பழத் துண்டு ஒன்று பதினான்கு டொலர். எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. “இட் கோஸ்ட்ஸ் அன் ஆர்ம் அண்ட் எ ஃபுட்” என்று, கடைக்காரப் பெண்ணுக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒரு கையும் ஒரு காலும் விலை.

பியாட்டா என் முழங்கையை மெல்லத் தொட்டாள். “லெக்” என்றாள். “நானும் முதல் வருடம் அப்படித்தான் சொன்னேன். எங்கள் பேச்சிலும் இடுப்பிலிருந்து விரல் வரைக்கும் ஒரே சொல்தான்.”

மலர் வண்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “முப்பது வருசமா பாதத்தை வித்துக்கொண்டு திரியிறாய்!”

முப்பது வருடம். பேக்கரியில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஒருவரும் திருத்தவில்லை. இவளைத் திருத்த ஒரு வருடத்துக்குள் யாரோ இருந்திருக்கிறார்கள். பலாப்பழத்தை வாங்காமல் வந்தோம்.

மாலை 4 மணி. சமையலறை மேசையில் பியாட்டா தன் மூன்று பதில்களையும் வாசித்தாள். முதலிரண்டும், சின்னச் சறுக்கல் ஒன்றிரண்டைத் தவிர, அழகாக இருந்தன. உவமைகள் இடம் பார்த்து இருந்தன. மூன்றாவது, தேவைப்பட்டால் இரவில் வேலை செய்வீர்களா என்ற கேள்வி. “இவென்ச்சுவலி ஐ வில் வேர்க் நைட்ஸ்” என்று எழுதியிருந்தாள்.

“நல்லாயிருக்கு. அதென்ன, இரவு செய்வன் எண்டு சொல்லுறியா?” என்று மலர் அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“இல்லை, இல்லை. வேறு வழியே இல்லையென்றால், ஒருவேளை. எங்கள் மொழியிலும் அதே சொல்தான், எவென்டுவால்னியே.”

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. போலிஷ் காதுக்கு அது ‘ஒருவேளை’. ஆங்கிலக் காதுக்கு ‘கொஞ்சம் பொறு, கடைசியில் எப்படியும் செய்வேன்’. தன் கையாலேயே இரவு ஷிப்டுக்குச் சம்மதம் எழுதி வைத்திருக்கிறாள். பியாட்டா என் முகத்தைப் பார்த்தாள். “ராணி, ஏதாவது பிழை?”

“குட் லெட்டர்” என்றேன். உள்ளே ஒரு சின்ன இனிப்பு ஊறியது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஞாயிறு, காலை 9. பியாட்டா மகளோடு போலந்துக்காரரின் மாதா கோயிலுக்குப் போய்விட்டாள். போகுமுன் சோசியா வந்து, என் சப்பாத்துகளைச் ஹீட்டரின் பக்கத்தில் காய வைத்திருந்தாள், நான் கேட்காமலே. தோசை சுட்டுக்கொண்டிருந்த மலரிடம், “கோடைக்கு டொரோண்டோ வாவன்” என்றேன்.

“பேந்து பாப்பம்.”

பதினொரு வருடமாக இதே பேந்து. பேந்து என்றால் பிறகு என்று அகராதி சொல்லும்; யாழ்ப்பாணத்தார் வாயில் அதற்கு ‘நம்பிக்கொண்டிருக்காதே’ என்று பொருள். இதை வெளியார் ஒருவருக்கு யார் சொல்லிக் கொடுப்பார்? சொல்லாமல் விட்டால் அவர் கோடை முழுக்கக் படுக்கையை விரித்து வைத்துக் காத்திருப்பார். “மலர், அந்தக் கடிதத்தில ஒரு பிழை இருக்கு” என்றேன்.

பகல் 12.15. அவர்கள் வந்ததும் சொன்னேன். பியாட்டாவின் கை தொலைபேசிக்குப் போய், அப்படியே நின்றது. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்தே அனுப்பிவிட்டாளாம்.

“சாப்பாடு முடிந்தபிறகு கடுகு” என்றாள். நேரம் தவறி வருவதை அவர்கள் அப்படிச் சொல்வார்களாம். ஆனால் சிரிக்கவில்லை.

மூவரும் இருந்து இரண்டாவது கடிதம் எழுதினோம். உவமை ஒன்றும் இல்லை. மகள் சின்னவளாக இருக்கும்வரை இரவு வேலை இயலாது, அவசரத்துக்கு ஒருநாள் இரண்டுநாள் மட்டும் பார்க்கலாம், முதல் கடிதத்தில் ஒரு சொல் தவறிவிட்டது என்று வெறும் வசனங்கள். அனுப்பிய பிறகு பியாட்டா கேட்டாள்: “எப்போது கண்டாய்?”

“நேற்று. நீ வாசிக்கும்போதே.”

அவள் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“நேற்று முழுக்க உன் மூக்கில் ஈ இருந்தது” என்றாள் பியாட்டா. “முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறவர்களை எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். கடையில் நான் திருத்தியதாலா?”

மலர் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: “ஈயும் இல்லை, இலையானும் இல்லை. எரிச்சல். பச்சை எரிச்சல்.” எங்கள் ஊரில் இலையான் என்றால் வீட்டு ஈ, எரிச்சல் என்றால் பொறாமை.

“ஓம்” என்றேன். பிறகு அதையே ஆங்கிலத்தில் பியாட்டாவுக்கும் சொன்னேன். கதிரையையும் சொன்னேன், ஈரையும் பேனையும் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு மேலே போனாள்.

திங்கள், காலை 8.30. மலர் வேலைக்குப் போகும் வழியில் என்னை மெட்ரோவில் இறக்கினாள். பியாட்டா அதற்கு முன்பே பஸ்ஸில் போய்விட்டிருந்தாள். மேல்மாடி ஜன்னலில் திரை மூடியிருந்தது.

பிற்பகல் 1.10, கிங்ஸ்ரன். தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது பியாட்டாவிடமிருந்து செய்தி வந்தது. மனேஜர் அவளைக் கூப்பிட்டு, இரண்டாவது கடிதம் எதற்கு என்று கேட்டாராம். முதல் கடிதமே அவருக்குத் தெளிவாக இருந்ததாம். அவர் குபெக்காரர், பிரெஞ்சிலும் அந்தச் சொல்லுக்கு ‘ஒருவேளை’ என்றுதான் பொருள். வேலை அவளுக்குத்தான். பகல் ஷிப்ட், அடுத்த கிழமையிலிருந்து.

நான் பக்கத்தில் கிடந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். டொரோண்டோவில் என்றால் அந்த ஒரு சொல் அவளை இரவுக்குள் தள்ளியிருக்கும். மொன்றியலில் ஒரு போலிஷ் பிழை பிரெஞ்சு வாசலால் நுழைந்து சரியாகிவிடுகிறது. அந்த நகரத்தின்மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. நான் மறைத்ததும் வீண், சொன்னதும் வீண். நான் யாரென்று அந்த வீட்டுக்குத் தெரிந்தது மட்டும் மிச்சம்.

ஓட்டுநர் ஹோர்ன் அடித்தார். ஏறி இருந்தபோது இரண்டாவது செய்தி வந்தது.

“அந்தக் கடிதத்தில் நீ கண்டு சொல்லாமல் விட்டது வேறு இருக்கிறதா?”

இரண்டு இருந்தன. பஸ் நெடுஞ்சாலையில் ஏறுமுன் இரண்டையும் எழுதி அனுப்பினேன்.