பதினாறு நாள் கதவு

என் அக்கா வீட்டுக்காரர் தச்சர். ஊரில் பாதி வீடுகளுக்குக் கதவு அவர் போட்டது. சொந்தக் குளியலறைக்கு மட்டும் எட்டு வருஷமாகக் கதவு கிடையாது. கேட்டால் "நாளைக்கு" என்பார். தெருவில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

கதவில்லாமல் மானத்தோடு குளிக்க ஒரே வழி பாட்டு. உள்ளே போனவர் வெளியே வரும்வரை பாட வேண்டும். நடுவில் நின்றால் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். ஒருமுறை அக்கா வழுக்கி விழுந்ததே பாட்டு பாதியில் அறுந்ததால்தான் தெரிந்தது, ஓடிப்போய்த் தூக்கினோம்.

அக்கா மகள் விரும்பிய பையனின் அப்பா, வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வாராம். இந்தக் கச்சேரியைக் கேட்டால் வாசலோடு திரும்பிவிடுவார் என்று அவள் பயந்து செத்தாள். திட்டினால் அத்தானிடம் வேலை நடக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பா, நீங்க கதவே செய்ய வேணாம். இன்னைக்கு ஒரு கீல் மட்டும் மாட்டுங்க."

கீல்தானே என்று மாட்டினார். கீல் மடங்கியிருந்தால் ஆள் உள்ளே என்று நாங்களும் சட்டம் போட்டு, ஒரு பாதுகாப்புக்குப் பாடவும் செய்தோம். மறுநாள் ஒரு பலகை. முழங்கால் வரை மானம் தப்பியது. இப்படித் தினம் ஒரு துண்டாக, பதினாறாம் நாள் தாழ்ப்பாளோடு முழுக்கதவு நின்றது. எனக்கே கண் கலங்கிவிட்டது.

வெயிலில் வந்த பையனின் அப்பா, முகம் கழுவ உள்ளே போய்த் தாழிட்டார். கூடத்தில் நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாட்டைக் காணோம். அக்கா முகம் வெளிறியது. எட்டு வருஷம் நாளைக்கு என்ற மனுஷன் ஒரு நொடி தாமதிக்கவில்லை. தோளால் ஒரே இடி. பதினாறு நாள் உழைப்பு தரையில் படுத்துவிட்டது.

முகமெல்லாம் சோப்பு நுரையோடு அவர் நின்றிருந்தார். கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். அக்கா மகள்தான் தலையைக் குனிந்தபடி பாட்டு விஷயத்தைச் சொன்னாள்.

அவர் நிதானமாக நுரையைத் துடைத்தார். "எங்க வீட்ல நான் வழுக்கி விழுந்தா ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் தேடுவாங்க," என்றார். "தேதி குறிச்சிடலாம்மா."

பிறகு கதவைக் காட்டி, எப்போது சரியாகும் என்று அத்தானைக் கேட்டார். அத்தான் வாயைத் திறப்பதற்குள் மகள் ஒரு கீலை எடுத்து அவர் கையில் வைத்தாள்.