மனைவி கைபடாத கேசரி

முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கோபப்படுவதற்கு வசதியாக இருக்கும். மலையேறுகிறவர்கள் பாரத்தைக் குறைக்க, பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூட முறித்துவிட்டுப் போவார்களாம். நான் வீட்டுத் தாச்சியை, அதுவும் அடி கனத்த இரும்புச் சட்டியை, முதுகுப் பையில் கட்டிக்கொண்டு போனவன். நெய்யைக் கண்ணாடிப் போத்தலோடு கொண்டுபோனேன். வெள்ளவத்தை ஸ்டேஷன் படியிலேயே மூச்சு வாங்கியது. மலையோ இன்னும் ஒரு பகல் ரயில் தூரத்தில் இருந்தது.

இவ்வளவும் மனைவிக்குக் கொடுத்த வாக்குக்காக. எங்கள் ஃபிளாட்டின் குசினி ஜன்னலைத் திறந்தால் அடுத்த ஃபிளாட்டின் குசினி ஜன்னல். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் சமைக்கிறாள். வேலைக்கும் போகிறாள். நானோ சிநேகிதர்களோடு பையைத் தூக்கிக்கொண்டு மலை மலையாய்ப் போய், மேகத்தைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்புகிறவன். ஒருநாள் அப்படிப் போன படத்துக்குப் பதில் வந்தது: "உங்களுக்கு மேகம். எனக்குக் கருவாட்டுப் புகை."

சுட்டுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "அடுத்தமுறை நீரும் வாரும். ரெண்டு நாளும் உமக்கு ஒரு வேலையும் இல்லை. அகப்பையைத் தொடவே விடமாட்டன். இனிப்பும் நான்தான் செய்வன்."

"ஒரு வேலையும்?"

"ஒரு வேலையும்!"

இனிப்பென்றால் அவளுக்கு உயிர். ஆனால் வீட்டில் கேசரி கிண்டினால் அவளுக்கு மிஞ்சுவது தாச்சியில் ஒட்டியதுதான். அதனால்தான் இனிப்பு. நம்பாத சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டு வந்தாள்.

முதல் அடி கோட்டை ஸ்டேஷனில் விழுந்தது. எங்கள் கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர். ஒருவன் கொட்டாஞ்சேனையில் இருப்பவன், மற்றவன் பாமன்கடையில். மனைவியைக் கண்டதும் கொட்டாஞ்சேனைக்காரன் பையை இறக்கி வைத்துக் கும்பிட்டான்.

"அக்காவும் வர்றீங்களா? அப்ப சாப்பாட்டுக் கவலை முடிஞ்சுது!"

"சமைக்கிறது நான்," என்றேன்.

"சரி மச்சான், சரி. அக்கா பக்கத்துல இருப்பாங்கதானே."

பக்கத்தில் இருப்பாளாம்! அவள் என்ன தீயணைக்கும் படையா?

ஹப்புத்தளைக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில் கூடாரம் அடிக்க ஒரு மேடு இருக்கிறது. தோட்டத்துக் காவல்காரர் ஒரு கேனில் தண்ணீர் கொண்டுவந்தார். அடுப்புக்கு முன்னால், கையில் அகப்பையோடு நிற்கிறவன் நான். இரண்டு கையையும் நீட்டினேன். மனுஷன் என்னைச் சுற்றிக்கொண்டு போனார். "நோனாட்ட தென்னம்" என்று சிங்களத்தில் சொல்லி, தூரத்துக் கல்லில் சும்மா உட்கார்ந்திருந்த மனைவியின் காலடியில் கேனை வைத்துவிட்டுப் போனார். அம்மாவிடம்தான் கொடுப்பாராம். அகப்பையோடு நின்ற நான் அவர் கண்ணுக்கு என்னவாகத் தெரிந்தேனோ!

அடுத்து பாமன்கடைக்காரன். "அக்கா, நெருப்புப் பெட்டி எங்க வச்சனீங்கள்?" நெருப்புப் பெட்டி அவனுடைய காற்சட்டைப் பையில் இருந்தது. கொண்டுவந்தவனே அவன்தான்.

"இஞ்ச பாருங்கோடா," என்று கத்தினேன். "அவ இஞ்ச சமைக்க வரேல்லை. மலை பார்க்க வந்தவ. ஆரும் ஒண்டும் கேக்கப்படாது!"

கத்திவிட்டுக் கேசரியைத் தொடங்கினேன். சின்னக் காஸ் அடுப்பில் அந்தத் தாச்சி நிற்காது என்பது அப்போதுதான் விளங்கியது. கொட்டாஞ்சேனைக்காரன் தாச்சியின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டான். மனைவி எங்களுக்கு முதுகு காட்டி இருந்தாள். கீழே பள்ளத்தாக்கில் மேகம் மெல்ல விலகிக்கொண்டிருந்தது.

"இஞ்சேரும், றவை வறுக்கோணுமோ?"

"ஓம். நெய்விட்டு வறுங்கோ."

"எந்த நிறம் வருமட்டும்?"

"நிறம் மாறப்படாது. வாசம் வரோணும்."

"எனக்கு மூக்கடைப்பு. ஒருக்கா வந்து மணந்து பாருமன்."

எழுந்து வந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து மணந்து, "காணும், இனி வறுக்காதேங்கோ" என்றுவிட்டுப் போனாள். அகப்பையைத் தொட விடவில்லையே என்று எனக்குள் ஒரு பெருமை.

பிறகு, ஒரு கப் றவைக்குத் தண்ணீர் எத்தனை கப்? சீனியைத் தண்ணீரோடு போடுவதா, பிறகா? கஜு எந்தப் பைக்குள்? கட்டிபட்டுவிட்டதே, இதென்ன செய்வது? ஒவ்வொன்றுக்கும் அவள் கழுத்தைத் திருப்பிப் பதில் சொன்னாள். கடைசியாகத் திரும்பியபோது பள்ளத்தாக்கை மேகம் மறுபடி மூடியிருந்தது.

கேசரி நன்றாக வந்தது. என் வாயால் சொல்லக்கூடாது, ஆனாலும் நன்றாக வந்தது. பாமன்கடைக்காரன் விரலைச் சூப்பிவிட்டுச் சொன்னான்: "அக்கா, அந்தமாதிரி ருசி!"

"டேய்! கிண்டினது நான்! கை பார், கொப்புளம்!"

"நீ கிண்டினாய் மச்சான், ஆர் இல்லையெண்டது? அக்கா சொல்லச் சொல்லக் கிண்டினாய்."

"நான் எப்ப கேட்டனான்?"

அவர்கள் சிரித்த சிரிப்புக்குக் காவல்காரரின் நாய்கூட எழுந்து வந்து பார்த்தது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "நாளைக்குக் காலமை பாயசம். அவவிட்டை ஒரு கேள்வி போகப்படாது. ஒருத்தரும் கேக்கேலாது!"

"நீ?" என்றான் கொட்டாஞ்சேனைக்காரன்.

"நானும்!"

மறுநாள் சவ்வரிசிப் பாயசம். மனைவி தேத்தண்ணிக் கோப்பையோடு போய் அதே கல்லில் இருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. சவ்வரிசியைக் கழுவினேன், பச்சைத் தண்ணீரில் போட்டேன், அடுப்பில் வைத்தேன். அது உருண்டையாகவே இருக்கும் என்று யாரோ என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் உருண்டைகளெல்லாம் ஒன்றாய்க் கரைந்து, தேர்தல் நோட்டீஸ் ஒட்டுகிற பசையாகியது. டின்பாலை ஊற்றினேன். இனிப்பான பசையாகியது. இரண்டு தரம் "இஞ்சேரும்" நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அவள் ஒருதரமும் திரும்பவில்லை. வெயில் ஏறி, பள்ளத்தாக்கு முழுக்கத் திறந்து, தூரத்தில் ஒரு குளம்கூடத் தெரிந்தது. மடியில் தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

பாயசத்தைக் கோப்பைகளில் வார்க்க முடியவில்லை, வழித்துப் போட்டேன். பாமன்கடைக்காரன் கரண்டியை நட்டுப் பார்த்தான். அது நேராக நின்றது. பிறகு அந்த வார்த்தையைச் சொன்னான்.

"அக்கா ஒருக்கா எட்டிப் பாத்திருக்கலாம்."

இப்போது எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. கேசரி நன்றாக வந்தால் அவளுடைய கைப்பக்குவம், அவள் கையே படாமல்! பாயசம் பசையானால் அவளுடைய கவனக்குறைவு, அதுவும் கையே படாமல்! மூன்று ஆம்பிளைகள், வயது போனவர்கள், ஒருவனுக்கு மகள் கம்பஸில் டிகிரி படிக்கிறாள், ஒரு பிடி சவ்வரிசிக்குப் பொறுப்பு நிற்க எங்களில் ஒருவன் இல்லை. என் பசை என் பசைதான். அதைக்கூட எனக்கென்று விடமாட்டான்களாம்.

திரும்பும் ரயில் முழுக்க இதையே பேசிக்கொண்டு வந்தேன். மனைவி ஜன்னலோரம். கோட்டையில் மற்ற இரண்டு பேரும் இறங்கிப் போன பிறகும், கடற்கரை ரயிலில் ஏறியும் பேசினேன். அவன்களை வைத்து என்னை எடை போடாதேயும் என்றேன். நான் வாக்குக் கொடுத்தபடி அகப்பையைத் தொட விடவில்லைத்தானே என்றேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வெள்ளவத்தையில் இறங்கி, தாச்சியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பயத்தோடு கேட்டேன். "அடுத்த முறையும் வருவீரோ?"

"பாயசம் காய்ச்சிறதெண்டா வாறன்."